மானாப்புல் பொம்மைக்கு உன் பெயர்

போன வாரம் படப்பிடிப்பில் தப்பு மேளம் காய்ச்சினார்கள். ஸ்டூடியோவுக்குப் பின்னால், ஜெனரேட்டர் நிற்கும் மூலையில், ஒருவர் குந்தியிருந்து பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பின் தோலை அந்தச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். அடுத்த காட்சிக்கு விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கு வழியாக அந்த வாசம் வந்தது. நம் தேயிலைத் தோட்டத்தில் என்றால் அதோடு சரிவில் வெட்டிய மானாப்புல் புகையும் சேர்ந்திருக்கும். இங்கே பேப்பரில் இருந்த மைதான் நாறியது. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எடுக்கவிருந்தது ஒரு சாவு வீட்டுக் காட்சி. என் உதவியாளப் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "சார், உங்க நாடகம் ஒண்ணுலகூட சாவு மேளம் இல்ல. இதுலயாவது வைக்கலாமேன்னு நான்தான் ஆள் கூட்டிட்டு வந்தேன். கோவமா?" என்றாள். கோபமில்லை என்றேன். எல்லோரும் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்துகொண்டேன்.

பத்திரிகைக்காரர்கள் என்னைப் பற்றி ஒன்று எழுதுவார்கள். சாவுக் காட்சியில் சத்தமே வைக்காதவர், மௌனத்தைக் கையாளத் தெரிந்த தயாரிப்பாளர் என்று. நீ இதைப் படித்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். "மௌனமாம்ல கதக்காரா! ஒனக்கு வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியுமா?" என்று கேட்டிருப்பாய். கதைக்காரன் என்று என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் நீதான். மற்றவர்களுக்கு நான் சார்.

நீ போய்விட்ட செய்தி போன மாதம் கோத்தகிரியிலிருந்து வந்தது. உன் மகள் தொலைபேசியில் பேசினாள். பேசி முடித்துவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் இந்த வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்தேன். யாரிடம் சொல்வது? மனைவி இல்லை. மகன் தூர தேசத்தில் இருக்கிறான், அவனுக்கு உன்னைத் தெரியாது. என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நம் உடப்புசல்லாவை என்றால் கோவா, கரட் மரக்கறி வருகிற ஊர். அதற்கு மேல் கேட்டால் முழிப்பார்கள். அதனால்தான் உன்னிடமே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம் நாம். எங்களுடையது முதல் காம்பரா, உங்களுடையது கழிவுநீர்க் கானுக்குப் பக்கத்தில் கடைசிக் காம்பரா. அது ஏன் எப்போதும் கடைசி என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. உன் அப்பா தப்படித்தார். அவர் கண்ணை மூடியதும் அந்தத் தப்பு உன் கைக்கு வந்தது. விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்களை எழுப்ப ஓர் அடி. மாரியம்மனுக்கு ஓர் அடி. யாராவது செத்துப்போனால் அதற்கு வேறோர் அடி. சாவுத் தப்பு கேட்டால் ஆற்றுக்கு அப்பால் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு ஆட்கள்கூடக் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். ஒருத்தர் கையில் விறகு, ஒருத்தர் கையில் அரிசி, ஒருத்தர் கையில் தேங்காய். வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். அந்தத் தப்பை உன் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் தொடவும் மாட்டார்கள்.

உனக்கு அது பிடிக்கவில்லை. உனக்கு நடிக்க வேண்டும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி மலையிறங்குவாய். பெரிய கங்காணி நடப்பது போல் நடந்து காட்டுவாய். தோட்டத்துத் துரை மூக்கால் தமிழ் பேசுவதை அப்படியே பேசுவாய், கொழுந்து நிறுக்க நிற்கிற பெண்கள் சிரித்துச் சிரித்துக் கூடையைக் கீழே போட்டுவிடுவார்கள். நான் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்துகொண்டு, தேயிலைப் பெட்டிக்கு வரும் தாளில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிற ஒருவனும் நடிக்கிற ஒருவனும் ஒரே லயத்தில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

திருவிழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெரட்டுக் களத்தில் நாடகம் போடத் துரை அனுமதி கொடுத்தார். பகலில்தான் போட வேண்டும், இருட்டுமுன் முடித்துவிட வேண்டும் என்றார். பெரிய கங்காணியிடம் நடிப்பவர்கள் பெயரைச் சொன்னேன். உன் பெயர் வந்ததும் அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"அவனா? அவன் தப்போட வந்தா வரட்டும். தப்பு இல்லாம அவனுக்கு மேடையில என்னா வேல?"

நான் வந்து உன்னிடம் சொன்னேன். நீ கானில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்புறம், "மேடையிலயும் அதே எழவுதானா?" என்றாய். கடைசியில் நீயே தீர்த்துவைத்தாய். "சரி, எழுது. தப்போடயே வாறேன். ஆனா வசனம் வேணும் கதக்காரா. மூணு வரியாச்சும் வேணும். எம் மூஞ்சிய நாலு பேரு நேரா பாக்கணும்."

அப்படித்தான் அந்தக் கதை மாறியது. ஒரு தொழிலாளி செத்துப்போகிறான். அவனுக்குத் தப்படிக்க ஆளில்லை. மகனே அப்பனுக்கு அடிக்கிறான். பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார் போன பிறகு, அங்கேயே நாம் ஒத்திகை பார்த்தோம். ஒத்திகையில் நீ வெறும் பலகையில்தான் தட்டினாய். தப்பைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பழைய படங்குச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்த திரை. பெட்டிப் பலகையில் மேடை. சவமாகப் படுத்திருந்தவர் நம் ஃபெக்டரி வேலாயுதம் அண்ணன், மூக்கில் ஈ உட்கார்ந்ததற்கு நடுவிலேயே தும்மினார், சனம் சிரித்தது. அப்போதுதான் நீ வந்தாய். சிரிப்பு நின்றது. உன் மூன்று வரியையும் சொன்னாய். கடைசி வரி இன்னும் என் காதில் இருக்கிறது: "ஊருக்கெல்லாம் அடிச்ச கை அப்பா இது. இன்னைக்கி ஒங்களுக்கு." சொல்லிவிட்டு முகத்தை நிமிர்த்தி, சனத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கத் தொடங்கினாய்.

அது நாடகத்துக்கு அடிக்கிற அடி இல்லை. உன் அப்பாவுக்கு நீ அடித்ததை நான் கேட்டிருக்கிறேன். அதே அடி. மூடுபனி இறங்கியிருந்தது, சத்தம் பனிக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பெரிய கங்காணிகூடத் துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் திரைக்குப் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியொரு சந்தோஷம். நான் எழுதிய ஒன்று நடந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் கூப்பாடு கேட்டது. கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். பின்னாலேயே இன்னும் பல குரல். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். தலையில் விறகு, மடியில் அரிசி. கீழ்க்கணக்கு சனம் அத்தனை பேரும். எல்லோருக்கும் முன்னால் தலைவிரி கோலமாக அஞ்சலை அக்கா. அவள் மகளை நம் லயத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது மாதம் நிறைந்த வயிறு. தப்பு கேட்டதும் அஞ்சலை அக்காவுக்கு வேறெந்த நினைப்பும் வரவில்லை.

மகள் சனத்துக்கு நடுவில் கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை அக்கா அவளைப் பார்த்தாள். போய்க் கட்டிக்கொண்டாள். முதுகில் இரண்டு போட்டாள். மறுபடியும் கட்டிக்கொண்டாள். அப்புறம் மேடைக்கு வந்து உன்னைப் பார்த்து, "நல்லா அடிச்சடா பாவி. என் ஈரக்கொலையே அத்துப்போச்சு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். உன் நடிப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நான் இத்தனை வருஷம் பரிசு மேடைகளில் வாங்கிய எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது.

ஆனால் சனம் கலையவில்லை. விறகையும் அரிசியையும் கீழே வைக்கவும் பயம், திருப்பி எடுத்துப் போகவும் பயம். சாவு இல்லாமல் சாவுத் தப்பு அடிக்கக் கூடாது. அடித்தால் அது ஆள் கேட்கும். இது நம் சனத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம், நாடகம் போட்ட மேதாவிகள் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் ஞாபகத்தில் இல்லை! பெரிய கங்காணி அங்கேயே, மேடை ஓரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். தப்பு ஆள் கேட்குமுன் ஓர் ஆளைக் கொடுத்துவிட வேண்டும். மானாப்புல்லில் பொம்மை கட்டி, பாடை கட்டி, முறைப்படி எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்ய வேண்டும். தப்பு அடித்தவனே அடிக்க வேண்டும்.

பொம்மை தயாரானது. வேட்டி கட்டினார்கள், நெற்றியில் திருநீறு பூசினார்கள். அப்போது யாரோ கேட்டார்கள், பேர் என்ன? பேரில்லாத பிணத்தை எப்படி எடுப்பது, யார் பேரைச் சொல்லி அழுவது? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தன் பேரைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? வேலாயுதம் அண்ணன் சவமாக நடித்தவர்தானே என்று ஒருவர் சொல்ல, அண்ணி அந்த ஆளை விறகுக் கட்டையோடு துரத்தினாள்.

"எம் பேர வைங்க" என்றாய் நீ.

உன் அம்மா ஓடி வந்து உன் வாயைப் பொத்தினாள். நீ மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாய். நான்கூட உன்னைப் பிடித்து உலுக்கினேன். "பேசாம இரு கதக்காரா" என்றாய். உன் கண்ணில் ஏதோ ஒரு கள்ளத்தனம் இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

உன் பெயரைச் சொல்லி அழுதார்கள். உன் அம்மா உண்மையாகவே அழுதாள். நீ முன்னால் தப்படித்துக்கொண்டு போனாய், பின்னால் உன் பாடை. மலைச் சரிவில் குழி வெட்டி, பொம்மையை இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போடத் தொடங்கினார்கள். உன் முறை வந்தது. நீ மண் அள்ளவில்லை. கழுத்திலிருந்து தப்பைக் கழற்றி, குச்சிகளோடு சேர்த்துக் குழிக்குள் வைத்தாய்.

பெரிய கங்காணி பதறிப்போனார். "டேய், தப்ப எதுக்குடா உள்ள வக்கிற?"

"அது அவன் சாமானுங்க. செத்தவன் சாமான வெளிய வச்சிருந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க."

"அப்ப நாளைக்கிப் பெரட்டுக்கு எவன்டா அடிப்பான்?"

"தப்படிக்கிறவன் செத்துட்டானுங்களே. இப்பத்தான நீங்களே மண்ணு போட்டீங்க" என்றாய், கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக.

அத்தனை சனமும் பெரிய கங்காணியைத் திரும்பிப் பார்த்தது. கொடுத்த ஆளைத் திருப்பி எடுத்தால் தப்பு வேறு ஆள் கேட்கும். பெரிய கங்காணி கட்டிய முடிச்சில் அவரே மாட்டிக்கொண்டார். மூடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். குழிமேட்டில் நீ ஒரு முள்முருங்கைக் குச்சியை நட்டாய். அதன் பிறகு துரை ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார், பெரட்டுக்கு அதைத் தட்டினார்கள். உன் பழைய பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று கட்டளையானது. உனக்கு நீயே ஒரு பெயர் வைத்துக்கொண்டாய். எனக்கும் பழைய பெயர் வாயில் வராமல் பழகிவிட்டது. இந்த மடலில்கூட நான் அதை எழுதவில்லை, பார்த்தாயா.

எனக்குத் தெரிந்து தன் சாவை வைத்துத் தன் வாழ்க்கையை வாங்கிக்கொண்டவன் நீ ஒருவன்தான். அடுத்து வந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் மனது லேசாகிறது. நோட்டன் பிரிட்ஜில் நாடகம் போட்டோம். பருவகாலத்தில் நல்லதண்ணிக்குப் போய், யாத்திரையாக மலையேற வந்த சனத்துக்கு முன்னால் கடைகளுக்கு நடுவில் போட்டோம். நீ துரை வேஷம் கட்ட, அங்கே கடை வைத்திருந்த முஸ்லிம் நானா தன் கோட்டைக் கொடுப்பார். "பாத்து உடுங்க தம்பி, அது என்ட மாப்புள கோட்டு. கிழிஞ்சா பொண்டாட்டிக்கு என்ன சொல்ற?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கொடுப்பார். நாடகம் முடிந்து திரும்பும்போது லொறியின் பின்னால் நின்றுகொண்டு, "எல்லாரும் என் மூஞ்சியத்தான பாத்தாங்க?" என்று கேட்பாய். ஆமாம் என்று நான் சொல்லும்வரை விடமாட்டாய்.

வானொலிக்கு நான் அனுப்பிய நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள். உன்னையும் குரல் தேர்வுக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். உன் பேச்சில் தோட்டத்து வாடை அடிக்கிறதாம், கழித்துவிட்டார்கள். கோட்டை ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. நீ வடையைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: "போவட்டும் கதக்காரா. ரேடியோவுல மூஞ்சி தெரியாதே, எனக்கு எதுக்கு? மூஞ்சி தெரியிற ரேடியோ வந்தா சொல்லியனுப்பு. வாறேன்."

அப்புறம் ஒப்பந்தம் வந்தது. இரண்டு நாட்டுப் பெரியவர்கள் நம் சனத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. முதலில் கடல் தாண்டிப் போனவர்களில் நீயும் ஒருவன். நானுஓயா ஸ்டேஷனில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நீ மட்டும் ரயில் ஜன்னலில் உட்கார்ந்து, துரை மாதிரி மூக்கால் பேசி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாய். நான் சிரிக்கவில்லை. ரயில் நகர்ந்தபோது நீ, "சாவுத் தப்ப மட்டும் ஒன் நாடகத்துல வச்சிராத. அது என் சாமான்" என்றாய். உன் முகத்தை நான் பார்த்தது அதுவே கடைசி.

மூஞ்சி தெரிகிற ரேடியோ இங்கே வந்து சேர நெடுங்காலமானது. வந்ததும் எழுதினேன், இயக்கினேன், பிறகு தயாரிப்பாளன் ஆனேன். உனக்குச் சொல்லியனுப்பினேன். நீ பதில் போட்டாய், கோத்தகிரியிலும் கொழுந்துதான், இங்கேயும் அதே பனி, முட்டி வலிக்கிறது, இனிமேல் எங்கே வருவது என்று. நான் எடுத்த நாடகங்கள் கடல் தாண்டி உன் ஊருக்கு வரவில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும்போது உனக்கென்று ஒரு பாத்திரம் மனதில் நிற்கும். அதில் வேறு யாரையாவது போடுவேன். நன்றாகத்தான் நடிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் மனது ஆறாது. எத்தனையோ முகங்களைத் திரையில் காட்டினேன், உன் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. இது எனக்கு ஆறவே ஆறாத துக்கம்.

போன வாரம் டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்ததும், தப்போடு வந்தவரை அழைத்து எந்த ஊர் என்று கேட்டேன். "அட்டன் பக்கமுங்க ஐயா" என்றார். தப்பைக் கீழே வைக்கச் சொன்னேன். சாவு வீட்டு வாசலில் சும்மா நில்லுங்கள், கேமராவை நேராகப் பாருங்கள் என்றேன். அவருக்குக் கை வைக்க இடம் தெரியவில்லை. முதலில் வேட்டியைப் பிடித்தார், அப்புறம் விட்டார். அந்த முகத்தை நிறைய நேரம் எடுத்தேன். எடிட்டிங்கில் இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டார்கள். வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கிளம்பித் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. மலைச் சரிவில் உன் முள்முருங்கை பெரிய மரமாகி நிற்கிறது. அடியில் உட்கார்ந்தேன். நீ எரிந்த இடத்துக்கு என்னால் வர முடியாது. எனக்கு வாய்த்த உன் சமாதி இந்தப் பொம்மைக் குழி ஒன்றுதான். யாரும் அக்கம்பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு உன் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கீழே கொழுந்தெடுத்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அந்தப் பெயருக்கு இனி என்னைத் தவிர ஆள் இல்லை.

உன் மகள் தொலைபேசியில் பேசியபோது நான் கேட்டது ஒன்றுதான். "அப்பாவுக்குத் தப்பு அடிச்சாங்களாம்மா?"

"இல்ல பெரியப்பா. ஆள் கூப்புடலாம்னுதான் இருந்தோம். அப்பாதான் முன்னாடியே வேணாம்னுட்டாங்க. 'எனக்கு எப்பவோ அடிச்சாச்சும்மா, நானே அடிச்சேன்'னாங்க. என்னா சொன்னாங்கன்னே எங்களுக்கு வெளங்கல. கடைசி நேரத்துல ஒளறுனாங்களா பெரியப்பா?"

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒளறலம்மா" என்றேன். "அடிச்சாரு. நான் கேட்டேன். கீழ்க்கணக்கு வரைக்கும் கேட்டிச்சு."